புருவத்தை உயர்த்தினால் ஓம்

பன்றிகள் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும். கழுத்தில் கத்தி இறங்கும் இடத்திலிருந்து எண்ணினால் நான் ஏழாவது ஆள். வயிற்றை மேலிருந்து கீழே கீறுவது என் வேலை. எட்டாவது ஆள் குடலை இழுத்துத் தட்டில் போட வேண்டும். எட்டாவதாக நின்றவள் ஒரு கிறீன்லாந்துக்காரி. அவர்கள் தங்களை இனுயிட் என்று சொல்வார்கள்.

ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் போனால் வரும் சிறிய ஊர் அது. அங்கே பன்றி வெட்டும் ஃபக்டரியில் பதினொரு வருடம் நின்றேன். இங்கே எழுதுவது அதில் ஒரு வருடத்தைப் பற்றி. வன்னியில் சண்டை முடிந்த வருடம்.

லைனில் கதைக்க ஏலாது. சங்கிலிச் சத்தம், வாள் சத்தம், தண்ணீர்ச் சத்தம். எல்லோரும் காதை மூடியிருப்போம். அவள் வந்த முதல் கிழமை, கத்தி தீட்டும் கம்பி வேண்டுமா என்று கையால் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பேசாமல் நின்றாள். திரும்பக் கேட்டேன். திரும்பவும் பார்த்தாள். மூன்றாம் தரம் கேட்டபோது கம்பியை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

ஆறாவது ஆளாக நின்றவன் யாழ்ப்பாணத்துப் பெடியன். சாப்பாட்டு அறையில் சிரித்தான்.

“அண்ணை, அது ஊமை. ஏன் மினக்கெடுறியள்?”

அவள் ஊமை இல்லை. கோப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். அவளுடைய டேனிஷும் உடைந்தது, என்னுடையதும் உடைந்தது. அதனால் விளங்கியது.

“மூன்று தரம் ஓம் என்றேன். உனக்குக் கண் இல்லையா?” என்றாள்.

புருவம் இரண்டையும் உயர்த்திக் காட்டினாள். இது ஓம். மூக்கைச் சுளித்துக் காட்டினாள். இது இல்லை.

“வாயால் சொன்னால் என்ன?”

“எங்கள் ஊர்க் குளிரில் சும்மா வாயைத் திறப்பவன் முட்டாள். சரி, நீ தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறாயே. அது ஓமா, இல்லையா?”

“ஓம்.”

“எங்களைவிட மோசம்,” என்றாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பிழை வரவில்லை. கத்தியோடு நிற்கும் இடத்தில் பிழை வந்தால் விரல் போகும்.

அவளுக்கு ஒரு மகள். பதினொரு வயது. என் மகனும் அதே வகுப்பு, ஐந்தாம் வகுப்பு.

நானும் ஐந்தாம் வகுப்பு வரைதான். மன்னார்ப் பக்கம், கடற்கரை ஊர். ஒரு காலைப்பொழுது பள்ளிக்கூடத்தின் மேல் செல் குண்டு விழுந்தது. வாத்தியார் கரும்பலகைக்குக் கீழே கிடந்தார். வயிறு திறந்திருந்தது. சோக்கட்டி கையை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு நான் போகவில்லை, போவதற்குப் பள்ளிக்கூடமும் இருக்கவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு வரை பாடம். என் படிப்பு அவ்வளவுதான்.

தம்பி வன்னியில் கலியாணம் கட்டி அங்கேயே இருந்தான். அவனுடைய மகளுக்கும் பதினொரு வயது. பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனிடமிருந்து கோல் வந்தது. விட்டு விட்டுக் கேட்டது.

“அண்ணை, இருக்கிறம்.”

“எங்கை இருக்கிறியள்?”

“கடக்கரைப் பக்கம். பங்கருக்கை.”

“பிள்ளை?”

“பக்கத்திலை இருக்கிறாள். மூண்டு மாதமாப் பள்ளிக்கூடம் இல்லை அண்ணை. படிப்பு விட்டுப்போகுது.”

“உயிர் போற இடத்திலை நிண்டு படிப்பைப் பற்றிக் கதைக்கிறாய்.”

“வேறை என்னத்தைக் கதைக்கிறது? வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கிறன். பெரியப்பா பதினாறு வரைக்கும் பாடமாக்கினவர் எண்டு சொன்னனான். தான் பதினேழு வரைக்கும் போவாளாம்.”

பின்னால் பிள்ளை சிரித்தது கேட்டது. பிறகு வெடிச்சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. அந்த நம்பருக்கு எத்தனையோ தரம் எடுத்தேன். ஒருவரும் தூக்கவில்லை.

அடுத்த நாள் கோப்பி நேரத்தில் அவளிடம் சொன்னேன். கையைத் தரையிலிருந்து தூக்கி, இவ்வளவு உயரம், பதினொன்று, உன் மகள் மாதிரி என்று காட்டினேன். அவள் புருவத்தை உயர்த்தினாள்.

சித்திரையில் மகனை ஆசிரியை நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மரவேலை வகுப்பில் ஒரு பிள்ளை மரச்சுத்தியலால் முகத்தில் அடித்துவிட்டது. மூக்கு எலும்பு உடைந்து ஒரு பல் போயிருந்தது. ஜக்கெட் முழுவதும் இரத்தம். அடித்தது அவளுடைய மகள்.

மனைவி குளறினாள்.

“இஞ்சாருங்கோ, அந்தப் பெட்டைக்குப் பேய் பிடிச்சிருக்குது. பொலிசுக்குச் சொல்லுங்கோ.”

நான் மகனைக் கேட்டேன்.

“என்னடா செய்தனி?”

அவன் எப்போதும் டேனிஷில்தான் பதில் சொல்வான். ஒன்றும் செய்யவில்லை என்றான். நாலாம் தரம் கேட்டபோது சொன்னான்.

வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். ஆசிரியை அந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்பார். அவள் பேசாமல் நிற்பாள். பெடியன்கள் மேசைக்குக் கீழே விரலை மடக்கிப் பத்திலிருந்து பூச்சியம் வரை எண்ணுவார்கள். பூச்சியம் வந்ததும் எல்லோரும் தொப்பென்று மேசையில் தலையைப் போட்டுச் செத்ததுபோலக் கிடப்பார்கள். பல மாதமாக அது நடந்தது. எண்ணுவதற்குத் தலைவன் என் மகன். அன்றைக்கு மரவேலை வகுப்பில் அவளுடைய தொப்பியைப் பறித்திருக்கிறான். உன் அம்மா குடித்துக் குடித்து வயிற்றுக்குள்ளேயே உன் மூளையைக் கரைத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறான்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்,” என்றான்.

அடித்தேன். முதலில் கையால். பிறகு இடுப்புப் பட்டியைக் கழற்றி அடித்தேன். மூக்கில் கட்டு இருந்தது. அது என் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் அடித்தேன். மனைவி குறுக்கே விழுந்தாள். அவளுக்கும் பட்டது. வன்னியில் விழுந்ததையெல்லாம் அவன் முதுகில் இறக்கினேன் என்று இப்போது சொல்லலாம். அந்த நேரம் ஒன்றும் நினைக்கவில்லை. கை போனது.

“அப்பா, போதும்.”

அதைத் தமிழில் சொன்னான். நிறுத்தினேன்.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். அவளும் வந்திருந்தாள். உடுப்பு மாற்றும் அறையில் பெடியன் என் காதுக்குள் வந்தான்.

“அண்ணை, இண்டைக்குக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. அவவின்ரை கையிலும் கத்தி.”

கோப்பி நேரம் வரை நான் கீறினேன், அவள் இழுத்தாள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

“மூக்கு?”

“பொருந்திவிடும்.”

“உன் மகன் என்ன சொன்னான்? அவள் எனக்குச் சொல்கிறாள் இல்லை.”

எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுக்குள் மூளை கரைந்த கதையையும் சொன்னேன். அவள் கையை மடக்கி மேசையில் குத்தினாள். கோப்பி கவிழ்ந்து என் காற்சட்டையில் ஊற்றியது. ஒருவரும் துடைக்கவில்லை.

“அடித்தது சரி,” என்றாள். “சுத்தியல் பிழை.”

இரண்டு கிழமை கழித்து, கோப்பி நேரத்தில் ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். கொம்யூனிலிருந்து, அதாவது ஊர் நகரசபையிலிருந்து, வந்தது. நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். சுத்தியல் சண்டைக்குப் பிறகு அந்தப் பிள்ளையைத் தனி அறையில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். முதலாம் வகுப்பிலிருந்து அவளுக்கு என்னென்ன விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். நாலு வருடம் பின்னால் நிற்கிறாள். கேட்டதற்குப் பதிலில்லை. விசேட பாடசாலை ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். தூரத்தில் இருக்கிறது. அங்கேயே தங்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வீட்டுக்கு வரலாம்.

“என் அக்காவை ஏழு வயதில் கப்பல் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள்,” என்றாள். “நல்ல டேனிஷ் படிக்க. ஒரு வருடம். திரும்பி வந்தபோது அம்மா கதைத்தது அவளுக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு நாள் கடலுக்குள் நடந்து போனாள். உடம்பு பனி உருகின பிறகுதான் கிடைத்தது. என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்.”

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கடிதத்தில் இருந்தது.

“நீ வா.”

“மொழிபெயர்ப்பாளர் கேள்.”

“கேட்டேன். கிறீன்லாந்து டேனிஷ் அரசுக்குக் கீழே, அதனால் நான் டேனிஷ்காரியாம். பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. டேனிஷ்காரிக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை.”

அகதியாக வந்த எனக்கு வருடக்கணக்காக ஆள் தந்தார்கள்.

“என் மகனின் மூக்கை உடைத்தவள் உன் மகள்,” என்றேன்.

“அதற்காகத்தான் உன்னைக் கேட்கிறேன்.”

வைகாசியில் கூட்டம். அதே கிழமை சண்டை முடிந்தது. டிவியில் கடற்கரையைக் காட்டினார்கள். சாமான்கள், சைக்கிள்கள், உடம்புகள். ஒவ்வொரு உடம்பாகப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் பஸ் பிடித்துக் கோபன்ஹேகனுக்குப் போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்க ஆயத்தமானார்கள்.

“அண்ணை, உங்களுக்கு ஒரு சீற் வைச்சிருக்கிறன்,” என்றான் பெடியன்.

“நான் வரேல்லை. பள்ளிக்கூடத்திலை கூட்டம்.”

“ஆற்றை பிள்ளைக்கு?”

சொன்னேன்.

“அங்கை எங்கடை சனம் செத்துக் கிடக்குது. நீங்கள் மகன்ரை மூக்கை உடைச்சவளுக்குக் கதிரை பிடிக்கப் போறியள். தம்பி இருக்கிறானோ இல்லையோ எண்டும் உங்களுக்குக் கவலை இல்லைப்போலை.”

அவன் கழுத்துப் பட்டியைப் பிடித்து இரும்பு அலுமாரியோடு மோதினேன். உதடு வெடித்தது. அவன் கையைத் தூக்கவில்லை. உதட்டைத் துடைத்து விரலைப் பார்த்தான்.

“போங்கோ அண்ணை,” என்றான். “போய்ச் செய்யிறதைச் செய்யுங்கோ.”

கூட்டம் நடந்த அறையில் வட்ட மேசை, கோப்பிப் போத்தல், பணிஸ். வகுப்பு ஆசிரியை இருந்தார். சோதனை வைத்த கொம்யூன் பெண் இருந்தார். அவள், அவளுடைய மகள், நான். பிள்ளை சின்ன உருவம். முடி கண் வரைக்கும் விழுந்திருந்தது. விரல் முட்டிகளில் காய்ந்த காயம். என்னைப் பார்க்கவில்லை.

“நீங்கள் யார்?” என்று கொம்யூன் பெண் கேட்டார்.

“பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன்.”

“அவர்தான் அந்தப் பையனின் அப்பா,” என்றார் ஆசிரியை.

கொம்யூன் பெண் தாயிடம் திரும்பினார்.

“இவர் இங்கே இருப்பது உங்களுக்குச் சம்மதமா?”

அவள் புருவத்தை உயர்த்தினாள்.

கொம்யூன் பெண் காத்திருந்தார். பிறகு கொஞ்சம் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பக் கேட்டார். அவள் திரும்பவும் உயர்த்தினாள். பயத்தில் அவளுக்கு வாய் வரவில்லை. கொம்யூன் பெண் பேனையை எடுத்து என்னவோ எழுதப் பார்த்தார்.

கம்பி வேண்டுமா என்று நான் மூன்று தரம் கேட்ட நாள் ஞாபகம் வந்தது.

“அவள் இரண்டு தரம் ஓம் என்றுவிட்டாள்,” என்றேன். “பிள்ளையைச் சோதிக்கும்போது நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?”

“புரியவில்லை.”

“கேள்வி கேட்டுவிட்டு எங்கே பார்த்தீர்கள்?”

“கடதாசியை. மணிக்கூட்டை. ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் இருக்கிறது.”

“முகத்தைப் பார்க்கவில்லை.”

அவள், தாய், என் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் அப்போதுதான் விளங்கியது.

“மூன்று வருடமாக இந்த வகுப்பில் இருக்கிறாள்,” என்றாள். “இதுகூடத் தெரியாமலா இருப்பார்கள் என்று நினைத்தேன்.”

கொம்யூன் பெண் கெட்டவர் இல்லை. கடதாசியைப் புரட்டினார். ஓம், இல்லை என்று சொல்லும் கேள்விகள் மட்டும் இல்லை என்றார். நாலு மரத்தின் பெயர் கேட்டேன், ஒன்றும் வரவில்லை என்றார்.

“எங்கள் ஊரில் மரம் இல்லை,” என்றாள் தாய்.

“இங்கே மூன்று வருடம் இருந்திருக்கிறாள். பக்கம் ஒன்றை வாசிக்கக் கொடுத்தேன். பாதிதான் வாசித்தாள்.”

அதுவும் உண்மை. பிள்ளைக்கு விட்டுப்போனது நிறைய இருந்தது. ஆனால் எவ்வளவு என்று இவர்களுக்குத் தெரியாது. வாளி வெறுமையாக வந்ததென்று கிணற்றையே மூடப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான். பிள்ளையின் பக்கம் கதிரையைத் திருப்பினேன். டேனிஷில் இலக்கம் சொல்வது கரைச்சல். மெதுவாகச் சொன்னேன்.

“ஏழெட்டு ஐம்பத்தாறு. சரியா?”

அவள் மேசையைப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

“ஒன்பதேழு அறுபத்துநாலு?”

மூக்குச் சுளித்தது.

“பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்துநாலு?”

உயர்ந்தது.

“பதின்மூன்று ஆறு எழுபத்தாறு?”

இதற்கு நேரம் எடுத்தாள். உதடு அசைந்தது. சுளித்தாள்.

என் காதுக்குள் பங்கர் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பிள்ளை பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

ஆசிரியை கோப்பியைக் கீழே வைத்தார். முகம் சிவந்து கழுத்து வரை இறங்கியது. அவர் ஒன்று கேட்டார். பதினைந்து நாலு அறுபதா என்று. புருவம் உயர்ந்தது.

“மூன்று வருடம்,” என்றார் ஆசிரியை.

“இதைக் குறித்துக்கொள்கிறேன்,” என்றார் கொம்யூன் பெண். “ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒரு பிள்ளையின் முகத்தைச் சுத்தியலால் உடைத்திருக்கிறாள். மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பை நான் பார்க்க வேண்டும். அந்தப் பாடசாலையில் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.”

பத்திலிருந்து பூச்சியம் வரை எண்ணும் விளையாட்டைச் சொன்னேன். தொப்பியைச் சொன்னேன். மூளை கரைந்ததைச் சொன்னேன். ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்படியென்றாலும் அடிக்கலாமா?”

எங்கள் ஊரில் பிள்ளைகளின் சண்டை பெரியவர்களிடம் வந்தால் ஒரு வழி உண்டு. ஒரு தகப்பன், என் பெடியனுக்கு நான் அடி கொடுத்துவிட்டேன் என்று சொல்வான். மற்றப் பக்கம் எழும்பிப் போய்விடும். பிறகு அந்தக் கதையை ஒருவரும் எடுக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த நியாயம் அதுதான்.

“பிழை என் மகனில்,” என்றேன். “அன்றைக்கே அவனைப் பட்டியால் அடித்தேன். முறைப்பாடு என்னிடம் இல்லை. இந்தப் பிள்ளையை விடுங்கள்.”

கொம்யூன் பெண் என்னைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்தார். புதிய கடதாசி ஒன்றை எடுத்தார்.

“மூக்கு உடைந்திருந்தபோதா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“நீங்கள் இதைச் சொல்லியிருக்கக் கூடாது,” என்றார் ஆசிரியை. “இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டால் நாங்கள் அறிவிக்க வேண்டும். சட்டம்.”

சட்டம் எனக்கும் தெரியும். வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

“அறிவியுங்கள்,” என்றேன். “ஆனால் மற்றதையும் எழுதுங்கள். அவள் பதில் சொன்னாள். நீங்கள் பார்க்கவில்லை.”

கொம்யூன் பெண் இரண்டையும் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். பிள்ளை அப்போதுதான் என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தாள்.

பத்து நாளில் எங்கள் வீட்டுக்குக் கொம்யூனிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். மகனைக் குசினியில் இருத்திக் கேட்டார்கள். கதவு திறந்திருந்தது.

“அப்பா உன்னை அடித்தாரா?”

“ஓம்,” என்றான், டேனிஷில்.

“எதனால் அடித்தார்?”

“பட்டியால்.”

“ஏன் என்று தெரியுமா?”

“தெரியும்,” என்றான். ஏன் என்பதைச் சொல்லவில்லை.

அவர்கள் போனதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஆரோ ஒருத்தியின்ரை பிள்ளையை வைச்சிருக்கிறதுக்காக எங்கடை பிள்ளையைக் குடுக்கப் போறியள். உங்களை ஆர் அங்கை கதைக்கச் சொன்னது?”

மகனைக் கொண்டுபோகவில்லை. ஆறு மாதம் ஒவ்வொரு செவ்வாயும் ஒருவர் வந்து இருந்துவிட்டுப் போனார். தகப்பன்மார் வட்டமாக இருந்து கதைக்கும் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். நான் கதைக்கவில்லை, போனேன். அதற்குப் பிறகு அவனை அடிக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் உப்பை எடுக்கக் கையை நீட்டினால் அவன் தலை ஒரு பக்கம் சாயும். அது கன காலம் இருந்தது.

ஆனி மாதம், தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்த முகாமிலிருந்து, ஒரு கத்தோலிக்கச் சுவாமியார் மூலம் தம்பியின் மனைவி தகவல் அனுப்பினாள். அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்திருக்கிறாள். திரும்பி வந்தபோது பங்கர் இருந்த இடத்தில் குழி இருந்தது. தம்பியின் கால் ஒன்று கிடைத்தது. பிள்ளையைச் சட்டையை வைத்து அடையாளம் கண்டாள். அங்கேயே மண் போட்டு மூடிவிட்டு நடந்தாள்.

அதற்கு அடுத்த நாளும் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்வது.

உடுப்பு மாற்றும் இடத்தில் கிறீன்லாந்துக்காரி எனக்காகக் காத்து நின்றாள். புதிய கடிதம் வைத்திருந்தாள். வேறொருவர் வந்து, முகத்தைப் பார்த்து, திரும்பச் சோதித்திருக்கிறார். கணக்கில் வகுப்பு மட்டம். வாசிப்பில் இரண்டு வருடம் பின்னால். பிள்ளை அதே பாடசாலையில் இருக்கலாம். கிழமையில் சில மணித்தியாலம் தனி ஆசிரியர். நான் வாசித்து முடிக்கும் வரை நின்றாள்.

“இங்கேயா?” என்று தரையைக் காட்டிக் கேட்டேன்.

புருவத்தை உயர்த்தினாள். ஒரு தரம் போதாது என்று இரண்டு தரம் உயர்த்தினாள்.

மணி அடித்தது. காதை மூடிக்கொண்டு லைனுக்குப் போனோம். சங்கிலி நகர்ந்தது. பெடியன் எனக்கு முன்னால் நின்றான். உதட்டில் தழும்பு. செய்தி அவனுக்குத் தெரியும். ஊர் ஆட்கள் மூலம் போயிருக்கும். என் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

அவள் அதைக் கண்டாள். குடலை இழுத்துத் தட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். இரத்தம் ஊறின கையைத் தரையிலிருந்து தூக்கிக் காட்டினாள். இவ்வளவு உயரம். பதினொன்று. உன் தம்பியின் பிள்ளை. இருக்கிறாளா?

எனக்குத் தலை தானாக அசையப் பார்த்தது. எங்கள் தலையாட்டலை நம்ப ஏலாது. அவளுக்குப் பிழையாக விளங்கக் கூடாது.

மூக்கைச் சுளித்தேன்.

அவளுடைய கை நின்றது. நான் கீறிய பன்றி அவளைத் தாண்டி, குடல் தொங்க, ஒன்பதாவது ஆளிடம் போனது. அடுத்ததும் போனது. ஃபோர்மன் தூரத்திலிருந்து வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டு வந்தான். எங்களுக்குக் கேட்கவில்லை. எனக்கு முன்னால் அடுத்த வயிறு வந்தது. கீறினேன்.